செவலை கற்றுக்கொண்டவை: கன்னங்குறிச்சி ஆலோசனை அறையில் ஒரு நாயின் நிகழ்வு ஆய்வு

ஆலோசனைத் துறையில் எழுதப்படும் நிகழ்வு ஆய்வுகள் பெரும்பாலும் வந்தவரைப் பற்றியவை. என்ன பிரச்சினையோடு வந்தார், என்ன செய்தோம், எப்படித் திரும்பிப் போனார் என்று எழுதுவோம். அறையில் நாய் இருந்திருந்தால் அதற்கு ஒரு வரி கிடைக்கும்: "சிகிச்சை நாய் உடனிருந்தது." இந்த ஆய்வில் அந்த ஒரு வரியைத்தான் விரித்து எழுதியிருக்கிறேன். இங்கே ஆய்வுக்கு உரியவள் செவலை என்ற நாய். ஏற்காட்டு மலையடிவாரத்தில், சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் என் ஆலோசனை அறையில் அவள் யாரிடம் என்ன கற்றாள், கற்றதால் அவள் நடத்தையில் என்ன மாறியது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இப்படி எழுதக் காரணம் இருக்கிறது. ஆலோசனைக்கு வருகிறவரை வீட்டில், பள்ளியில், வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. "நீ இப்படி இரு, அப்படி இரு" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் படியேறுகிறார். அவர் ஒரு நாய்க்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் அறையில் தெரிந்தவர் அவர், கற்றுக்கொள்கிறவள் செவலை, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் அறையில் நடந்த நல்ல மாற்றங்கள் பலவற்றின் தொடக்கம் அங்கேதான் இருந்தது என்று நம்புகிறேன்.

இதில் வரும் மூவரிடமும் எழுதச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். பையன் விஷயத்தில் அவன் அம்மாவிடமும் அவனிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அடையாளம் தெரியாதபடி வயது, குடும்பம், தொழில் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

செவலை நாட்டு நாய். காது நுனி மட்டும் கறுப்பு, மற்றபடி உடம்பெல்லாம் செம்மண் நிறம். குட்டியாக மூக்கனேரிக் கரையில் கிடைத்தவள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் மாநிலத்துக்கே உரிய பெயர்பெற்ற இனங்கள் இருக்க, தெருவில் பிறந்த நாய் இந்த வேலைக்கு ஆகுமா என்று கேட்டவர்கள் உண்டு. தெருநாய்களைப் பற்றி நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து தடவிக்கொடுத்தபோது, கூடுதலாகத் தீனி போட்டதைவிட அதிகமாகத் தெருநாய்கள் அவரை நம்பின. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒருவர் கையால் ஒரு கிண்ணத்தைச் சுட்டிக்காட்டியபோது, கிட்டே வந்த நாய்களில் சுமார் 80 சதவீதம் சுட்டிய கிண்ணத்துக்கே போயின. யாரும் பழக்காத நாய்கள் இவை. மனிதன் கையையும் முகத்தையும் படிக்கத் தெரியாத தெருநாய் நம் ஊர்களில் பிழைக்க முடியாது. செவலைக்கு அந்தப் படிப்பு பிறந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது.

அறைக்குள் விடுவதற்கு முன் செய்தவை எல்லாம் வழக்கமானவைதான். கருத்தடை, வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சலுக்கான ஊசி, குடற்புழு மருந்து, உண்ணி பார்ப்பது, நகம் வெட்டுவது. குணம் பார்ப்பதற்குத்தான் நாள் பிடித்தது. கம்பு ஊன்றி நடப்பவர், சக்கர நாற்காலி, திடீரென்று பாத்திரம் விழும் சத்தம், வாலைப் பிடித்து இழுக்கும் குழந்தை என்று ஒவ்வொன்றையும் மெதுவாகப் பழக்கினோம். வேட்டுச் சத்தம் மட்டும் இன்றுவரை ஆகாது. தீபாவளி வாரத்திலும், ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களிலும் அவளுக்கு விடுமுறை.

என்ன பிரச்சினை

செவலையிடம் ஒரு பிரச்சினை இருந்தது. பார்க்கிறவர்கள் அதைக் குணம் என்றே சொன்னார்கள். யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் முகம் வைப்பாள். தலையைத் தடவினால் தடவவிடுவாள், காதைப் பிடித்தால் பிடிக்கவிடுவாள், கழுத்தைக் கட்டிக்கொண்டால் அசையாமல் நிற்பாள். "எவ்வளவு சாது" என்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் அவள் முகத்தைக் கவனித்தால் வேறு விஷயம் தெரியும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி. எதிரில் தீனி இல்லாதபோது மூக்கை நக்கிக்கொள்வது. கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும்படி முகத்தைத் திருப்புவது. நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ரூகாஸ் இப்படிப்பட்ட அறிகுறிகளைத் தொகுத்து உலகத்துக்குச் சொன்னவர். எனக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, தள்ளி இருந்தால் நல்லது என்று நாய் சொல்லும் விதம் இது.

யாரும் தள்ளிப் போகவில்லை. அதனால் செவலை சொல்வதைக் குறைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளத் தொடங்கினாள். அமர்வுகள் முடிந்த மாலைகளில் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுவிடுவாள். சில நாள் இரவுச் சோறு அப்படியே இருக்கும். எதையும் பொறுத்துக்கொள்ளும் நாயை நல்ல நாய் என்று நினைப்பதில் ஆபத்து உண்டு. சின்ன அறிகுறிகளால் பயனில்லை என்று கற்றுக்கொண்ட நாய் ஒருநாள் அறிகுறி எதுவும் காட்டாமல் கடிக்கும். செவலை அதுவரை போகவில்லை. போவதற்கு முன் ஒருவர் வந்தார்.

கொலுசு வேலை செய்யும் அக்கா

நாற்பதைத் தாண்டியவர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு வளையம் கோர்த்துக் கொடுக்கும் வேலை. தூக்கமில்லை, தலைவலி, எல்லா மருத்துவப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவைக்கப்பட்டிருந்தார். பேசப் பேசத் தெரிந்தது: அவர் பெயரில் மூன்று குழுக் கடன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவர் செலவுக்காக வாங்கியது இல்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒன்று, கொழுந்தனார் வண்டிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று. தவணை நாள் வந்தால் குழுப் பெண்கள் இவர் வாசலில் நிற்பார்கள். "கேட்டாங்க, எப்படிங்க முடியாதுன்னு சொல்றது" என்பார். அந்த வாக்கியத்தைத் தாண்டி நாங்கள் நகரவே முடியவில்லை.

செவலை அவரிடம் வழக்கம்போலப் போய் ஒட்டிக்கொண்டாள். அவரும் பேசிக்கொண்டே தலையைத் தடவுவார். வெள்ளிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். மில்லிமீட்டர் கணக்கில் வளையம் பார்க்கிற கண். அந்தக் கண்தான் என் கண்ணுக்கு முன்னால் பார்த்தது. ஒருநாள் பேச்சை நடுவில் நிறுத்திக் கையை எடுத்துவிட்டார்.

"இவளுக்கு வேணாம்போல இருக்குதுங்க."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"கை வெச்சா மூஞ்சிய அந்தாண்ட திருப்பறா பாருங்க. எடுத்தா இந்தாண்ட வர்றா. மறுபடி வெச்சா திருப்பறா. பாவம், வேணாங்கறா. நாமதான் உடமாட்டேங்கறோம்."

அதுதான் நடந்துகொண்டிருந்தது. அடுத்து அவர் செய்ததை நான் சொல்லித்தரவில்லை. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் தன் முழங்கால் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். செவலை பார்த்தாள், முகர்ந்தாள், தள்ளிப்போய்ப் படுத்தாள். அவர் கூப்பிடவில்லை. "படுத்துக்கோ சாமி" என்றார். அமர்வு முடியும் தறுவாயில் செவலை தானே எழுந்து வந்து, தலையைக் கொடுக்காமல் தோள்பட்டைப் பக்கத்தைக் கொண்டுவந்து அவர் காலில் சாய்த்தாள். தலையில் கை வைத்தால் அவளுக்குப் பிடிக்காது, கழுத்துக்குக் கீழே நெஞ்சுப் பக்கம் சொறிந்தால் பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியவந்தது அப்போதுதான்.

அதன்பின் அதையே அறையின் விதியாக்கினோம். யாராக இருந்தாலும் முதலில் கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும். வந்தால் மூன்று எண்ணும் அளவுக்குச் சொறிந்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். அவள் இன்னும் நெருங்கினால் தொடரலாம், முகம் திருப்பினால் விட்டுவிட வேண்டும். நாய்களோடு வேலை செய்பவர்கள் பல நாடுகளில் இப்படித்தான் சம்மதம் கேட்கிறார்கள். எங்கள் அறைக்கு அதைக் கொண்டுவந்தவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு கொலுசுத் தொழிலாளி.

சில வாரத்திலேயே செவலை மாறினாள். முகத்தைத் திருப்பினால் கை போய்விடுகிறது என்று தெரிந்ததும் கொட்டாவியும் மூக்கு நக்கலும் குறைந்தன. இன்னொன்றும் நடந்தது, அதைத்தான் முக்கியம் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல முடிந்த பிறகு அவள் மனிதர்களோடு கூடுதல் நேரம் இருந்தாள். முன்பு எல்லோர் மடியிலும் ஏறி, அமர்வின் பாதியில் களைத்து மேசைக்கடியில் போனவள், இப்போது குறைவான பேரிடம் போனாள், போனவர்களிடம் கடைசிவரை இருந்தாள். மாலைச் சோறு மிஞ்சுவது நின்றது.

இதை அக்கா என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்னு சொல்லிட்டும் வர்றா பாருங்க, கோவிச்சுக்கிட்டுப் போகல" என்று ஒருநாள் சொன்னார். நான் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொழுந்தனார் நான்காவதாக ஒரு கடனுக்குக் கையெழுத்துக் கேட்டபோது, "என் பேர்ல இனி ஆகாதுங்க" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் அவர் என்னிடம் வந்து அழுதார். அப்புறம் கொழுந்தனார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது, இவர் போனார், பேச்சு தானாகத் திரும்பியது. பழைய கடன்கள் தீரவில்லை. ஆனால் யார் வாங்கிய கடனுக்கு யார் தவணை கட்டுவது என்று பெரியவர்களை வைத்துப் பேசி எழுதி வாங்கியிருக்கிறார். தூக்க மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்.

நாய் அவருக்கு "முடியாது" சொல்லக் கற்றுக்கொடுத்தது என்று இதைச் சுருக்கிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். நடந்த வரிசை வேறு. முதலில் அவர்தான் செவலைக்கு அந்த உரிமையைக் கொடுத்தார். தனக்கு யாரும் கொடுக்காததை அவரால் இன்னொரு உயிருக்குத் தயக்கமில்லாமல் கொடுக்க முடிந்தது. கொடுத்தால் என்ன ஆகிறது என்று வாரா வாரம் கண்ணால் பார்த்தார். தனக்கும் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகு.

வியன்னாவிலும் நியூயார்க்கிலும்

ஆலோசனை அறையில் நாய் என்பது புதிதில்லை. 1930-களில் வியன்னாவில் சிக்மண்ட் ஃபிராய்டின் அறையில் ஜோஃபி என்ற சௌ இன நாய் இருந்தது. நேரம் முடிந்தால் அது எழுந்து கொட்டாவி விடும், அதனால் அப்பா கடிகாரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை என்று அவர் மகன் மார்ட்டின் பதிவு செய்திருக்கிறார். நியூயார்க்கில் குழந்தைகளுக்கான உளவியலாளர் போரிஸ் லெவின்சன், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் தன் நாய் ஜிங்கிள்ஸிடம் ஒட்டிக்கொண்டதைக் கண்டு, நாயைத் துணைச் சிகிச்சையாளர் என்றே அழைத்து 1962-ல் கட்டுரை எழுதினார். அவர் இதைச் சொன்னபோது சக உளவியலாளர்கள் சிலர் கேலி செய்தார்கள். நாய் மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதை அறுபது ஆண்டுகளாக நிறையப் பேர் அளந்துவிட்டார்கள். நாய்க்கு என்ன ஆகிறது என்ற கேள்வி பிறகுதான் வந்தது, இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

திக்கிப் பேசும் பையன்

ஏழாம் வகுப்பு. அம்மாபேட்டையில் தறி ஓட்டும் குடும்பம். திக்கலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரிடம் தனியாகப் போய்க்கொண்டிருந்தான். என்னிடம் வந்தது பள்ளிக்குப் போக மறுத்ததால். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி. கேள்வி கேட்டால், தெரிந்த பதிலையும் "தெரியாது மிஸ்" என்று சொல்லிவிடுவான், அந்தச் சொல் அவனுக்குத் திக்காது என்பதால்.

தனியாகவோ விலங்குகளிடமோ பேசும்போது திக்கல் குறைவது பலருக்கு உண்டு. இவனுக்கும் வீட்டு ஆட்டுக்குட்டியிடம் தடையில்லாமல் வரும். என் அறையில் நான் பார்த்துக்கொண்டிருந்ததால் செவலையிடம் பேசும்போதும் திக்கியது. "உக்காரு" என்று சொல்ல வேண்டும். "உ... உ... உ..." என்று நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணை இறுக மூடிக்கொள்வான். செவலை முதல் "உ" விலேயே உட்கார்ந்துவிடுவாள்.

எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. சொல் முழுதாக வராவிட்டாலும் நாய் புரிந்துகொள்கிறதே, அவனுக்குத் தெம்பாக இருக்குமே என்று. அவன் முகம் சுருங்கியது. என்ன என்று கேட்டேன். சொல்லி முடிக்க நேரம் எடுத்தான், நான் காத்திருந்தேன். "எல்லாரும் இப்படித்தான் மிஸ். நான் முடிக்கறதுக்குள்ள முடிச்சுருவாங்க." அம்மா, வாத்தியார், கடைக்காரர், பஸ் கண்டக்டர் என்று எல்லோரும். உதவி செய்வதாக நினைத்து அவன் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள். இப்போது நாயும்.

"சரி தம்பி, அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?" என்று கேட்டேன். அவன் யோசித்துவிட்டு வந்தது அடுத்த வாரம். இன்னொரு கட்டளையையும் பழக்க வேண்டும், அதுவும் "உ" என்றே தொடங்க வேண்டும் என்றான். "உருளு". முதல் எழுத்தை மட்டும் கேட்டு எதைச் செய்வது என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. முழுச் சொல்லையும் கேட்டே ஆக வேண்டும். இரண்டு கட்டளைகளைப் பிரித்தறியப் பழக்குவது எப்படி என்று உளவியல் வகுப்பில் ஒரு பாடமே உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் அதைத் தன் வலியிலிருந்து கண்டுபிடித்தான்.

சிறு துண்டுகளாக நறுக்கிய வேகவைத்த முட்டையும் கேரட்டும் பரிசு. முதலில் தரையில் கையால் வட்டம் போட்டுக் காட்டி உருளப் பழக்கினான். பிறகு சொல்லை மட்டும் வைத்துச் செய்தான். "உ..." என்றதும் செவலை பாதி உட்காருவாள், பரிசு வராது. எழுந்துகொள்வாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவன் வாயைப் பார்ப்பாள். "உ... உ... உருளு." உருண்டால் உடனே முட்டை. தவறினால் திட்டு கிடையாது, மறுபடி முதலிலிருந்து. பொறுமையிழந்தது ஒருமுறைகூட அவன் இல்லை. அவள்தான் சில நேரம் அலுத்துப்போய்க் கதவுப் பக்கம் போய்விடுவாள். "இன்னிக்குப் போதும் மிஸ், அவளுக்கு டயர்டு" என்று பயிற்சியை நிறுத்துவதும் அவன்தான்.

பிறகு ஒருநாள் நான் பார்த்த காட்சி: அவன் வாய் திறந்து நிற்கிறது, சொல் வரவில்லை. ஒலியே இல்லாத அடைப்பு. செவலை நான்கு காலில் நிற்கிறாள். வாலை ஆட்டவில்லை, உட்காரவில்லை, கண்ணை எடுக்கவில்லை. எதிரில் ஒருவன் திணறும்போது ஒன்றும் செய்யாமல் நிற்பது மனிதர்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். "உக்காரு" வந்தது. உட்கார்ந்தாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான், "கேட்டா மிஸ்."

அவனுடைய திக்கல் போய்விடவில்லை. பேச்சுப் பயிற்சி தொடர்கிறது. பள்ளிக்குப் போகிறான். அவனே விரும்பி, அம்மாவையும் வகுப்பு ஆசிரியரையும் ஒருநாள் வரவைத்துச் செவலையிடம் இரண்டு கட்டளையையும் செய்து காட்டினான். பேச்சு முடியும்வரை காத்திருங்கள், கண்ணைப் பார்த்துக் கேளுங்கள், நீங்கள் முடித்துவைக்காதீர்கள் என்று திக்குவோரின் குடும்பங்களுக்கு நாங்கள் வழக்கமாகத் தாளில் எழுதிக் கொடுப்போம். அந்த அரைமணி நேரம் செய்ததை அந்தத் தாள் எந்த நாளும் செய்ததில்லை. ஆசிரியர் கிளம்பும்போது "நானும் அவசரப்பட்டுட்டேன் கண்ணு" என்று அவனிடம் சொன்னார்.

நாயின் மேல் ஏறும் சுமை

செவலை நல்லதை மட்டும் கற்கவில்லை. 2022-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேருக்குக் கடினமான மனக்கணக்குக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வியர்வை, மூச்சு மாதிரிகளை நாய்களிடம் கொடுத்தார்கள். பதற்றத்தில் எடுத்த மாதிரியை நாய்கள் 93.75 சதவீதம் சரியாகப் பிரித்தன. 2024-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இதற்கு ஒரு படி மேலே போனது. பதற்றப்பட்ட அந்நியரின் வாடையை முகர்ந்த நாய்கள், தீனி இருக்குமா இருக்காதா என்று உறுதியில்லாத கிண்ணத்தை நோக்கிப் போகத் தயங்கின. அதாவது நம் பதற்றத்தின் வாடை நாயின் நம்பிக்கையையே குறைக்கிறது.

ஆலோசனை அறையில் அமைதியாக இருக்கிறவர்கள் யார் வருகிறார்கள்? நாள் முழுக்க அந்த வாடைக்குள்தான் செவலை படுத்திருக்கிறாள். இதைப் படித்த பிறகு ஒரு காலையில் இரண்டு பேருக்கு மேல் அவளை வைத்துக்கொள்வதில்லை. இடையில் தோட்டத்தில் விட்டுவிடுவோம். அறையின் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும், அவள் நினைத்தால் வெளியே போகலாம். ஏப்ரல், மே வெயிலில் அதிகாலை மட்டும்.

விடுமுறை நாட்களில் சில நேரம் ஏற்காட்டுக்கு அழைத்துப் போவேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அவள் வயிற்றுக்கு ஆகாது, பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவாள். அதனால் வெறும் வயிற்றில், நடுநடுவே நிறுத்தி, குரங்குகள் இல்லாத இடமாகப் பார்த்து இறக்கித்தான் போக வேண்டும். மேலே காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மர நிழலில் குட்டைக் கயிற்றைக் கழற்றி நீளக் கயிற்றில் விட்டால், ஒரு மணி நேரம் தலையைத் தூக்க மாட்டாள். இலைச் சருகு, மிளகுக் கொடியின் அடி, எருமை போன தடம் என்று முகர்ந்துகொண்டே இருப்பாள். மனிதர்களை முகரத் தேவையில்லாத ஒரு மணி நேரம் அது. அன்றிரவு நன்றாகத் தூங்குவாள்.

வந்து நலமாகிப் போகிறவர்களும் அவளுக்கு ஒரு பாடம்தான். மாதக்கணக்கில் வந்த கல்லூரி மாணவி ஒருத்தி வராமல் நின்றபோது, அந்தக் கிழமையில் அந்த நேரத்துக்குக் கதவருகே போய் நிற்பாள். இப்போது கடைசி அமர்வில் சொல்லிக்கொள்ளும் முறை ஒன்று வைத்திருக்கிறோம், கிளம்புகிறவரோடு வாசல்வரை நடந்துபோய்த் திரும்புவாள். அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்பதைவிட, போகிறவர்களுக்கு அது தேவைப்படுகிறது.

நாய் வேண்டாம் என்ற பெரியவர்

உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஓராண்டுக்குப் பிறகு மகள் அழைத்துவந்தார். முதல் நாளே, "நாய் கிட்ட வர வேணாம்மா" என்றார். பயமோ வெறுப்போ இல்லை. அவர் மனைவி தெருவில் இருந்த நாய்களுக்கெல்லாம் இரவில் தயிர்ச்சோறு வைப்பார். அவர் போன பிறகும் நாய்கள் அந்த நேரத்துக்கு வந்து வாசலில் நின்றிருக்கின்றன. இவர் கதவைத் திறக்கவில்லை. சில நாளில் அவை வருவது நின்றது. அதைச் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் செவலையை வெளியே கட்டிவிடுவதாகச் சொன்னேன். "கட்ட வேணாம். இருக்கட்டும். கிட்ட மட்டும் வேணாம்" என்றார். செவலைக்கு இது புதிது. அழுகிறவரிடம் போவது அவள் வழக்கம். இவர் கலங்கினால் எழுந்து இரண்டு அடி வருவாள். அவர் உள்ளங்கையைத் தரையைப் பார்த்துக் காட்டி, "அங்கயே இரு" என்பார், அதட்டாத குரலில். அவள் நிற்பாள். சில வாரங்களில் அவர் உள்ளே வந்ததுமே, தானாகக் கதவுப் பக்கத்துப் பாயில் படுக்கத் தொடங்கினாள். படுத்துக்கொண்டு, தூங்காமல், அவர் பக்கம் முகம் வைத்திருப்பாள்.

என் பார்வையில் செவலை கற்றவற்றில் கடினமானது இதுதான். ஒருவர் துக்கப்படும்போது கிட்டப் போகாமல், விட்டும் போகாமல் இருப்பது. துக்க வீட்டுக்குப் போய் எதையாவது சொல்லித் தேற்ற வேண்டும் என்று தவிக்கும் நமக்கு இது எளிதில் வருவதில்லை. பயிற்சி முடித்த ஆலோசகர்களுக்கும் இது வர ஆண்டுகள் ஆகின்றன. பெரியவர் அதைத் தீனி இல்லாமல், ஒரு கை சைகையிலும் தன் குரலிலும் கற்றுக்கொடுத்தார். அந்தக் குரலைத் தான் முப்பது ஆண்டுகள் வீட்டில் பயன்படுத்தியதே இல்லை என்று ஒருநாள் அவராகவே சொன்னார். அங்கிருந்து அவர் மனைவியைப் பற்றிப் பேச்சு நிஜமாகத் தொடங்கியது.

யாருக்கு இது ஆகாது

இந்த மூன்று அனுபவங்களை வைத்து நாய் இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தூக்கத்துக்கு மருத்துவர், திக்கலுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒவ்வொருவருக்கும் உரிய சிகிச்சை நடந்துகொண்டுதான் இருந்தது. நாய் முடிக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நிலை உள்ளவர்களை அந்த அறைக்குள் அழைப்பதில்லை. தொழுகைக்கு முன் நாய் தொடக் கூடாது என்பவர்களுக்கும், பிடிக்காது என்று மட்டும் சொல்பவர்களுக்கும் தனி அறை உண்டு, காரணம் கேட்பதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பவருக்கு முதலில் தேவை மருத்துவ உதவி. டெலி மனஸ் எண் 14416 நாள் முழுக்க இயங்குகிறது.

கடிபட்டு அஞ்சி வரும் குழந்தைகளிடம் செவலையைக் காட்டி அச்சத்தைப் போக்கிவிடலாம் என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். முதலில் ஊசி முழுதாகப் போட்டாயிற்றா என்று பார்ப்பேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதும், மருத்துவர் சொன்ன நாட்களில் எல்லா ஊசியும் போடுவதும் எந்த ஆலோசனைக்கும் முந்தியவை. ஒரு ஊசியைத் தவறவிட்டாலும் ஆபத்து உயிருக்கு. அதன்பிறகும் நாயை அருகில் கொண்டுபோவது குழந்தை கேட்டால் மட்டுமே.

இன்னொன்று, பாசத்தில் தீனி கொண்டுவருகிறவர்கள். தட்டுவடை செட் வாங்கி வந்து ஆளுக்கொன்று என்று அவளுக்கும் நீட்டுவார்கள். அதில் வெங்காயம் இருக்கும், நாயின் ரத்தத்துக்கு அது நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும்கூட நாய்க்கு நஞ்சுதான்.

இப்போதைய நிலை

செவலைக்கு வயதாகிறது. பின்னங்கால் இடுப்பு மூட்டில் தேய்மானம் இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். வலி மருந்து ஓடுகிறது. வாரத்தில் இரண்டு காலை மட்டும் அறைக்கு வருகிறாள். உருளும் பயிற்சியை நிறுத்தியாயிற்று. பையனிடம் அதைச் சொன்னபோது, மூட்டுக்கு வலிக்காத, "உ" வில் தொடங்கும் வேறு கட்டளையைத் தேட ஆரம்பித்தான். "உம்மா" என்றால் கையில் மூக்கை வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, பழக்கிக்கொண்டிருக்கிறான். கொலுசு அக்கா ஆலோசனையை முடித்துவிட்டார். தவணைப் பேச்சு மறுபடி சிக்கலானால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்குச் செவலையை எப்படித் தொடுவது என்று நான் சொல்லும் முறை, வார்த்தைகூட மாறாமல், அவர் சொன்னதுதான்.

பெரியவரின் அமர்வுகள் தொடர்கின்றன. அவர் வரும் காலையைச் செவலையின் இரண்டு காலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறோம். அவளை வீட்டிலேயே விட்டுவரட்டுமா என்று மாதம் ஒருமுறை அவரிடம் கேட்கிறேன். வேண்டாம், வரட்டும் என்கிறார். இன்னும் தொட்டதில்லை.